செவர்லேக்கு ஒரு பெஞ்சு, மஸ்டாங்குக்கு ரெண்டு நாற்காலி

எனக்கு அறுபத்தாறு வயசு ஆகிறது. வளர்த்தது அஞ்சு பேரை. அதில் மூணு நான் பெற்றது, ரெண்டு என் தங்கச்சி பெற்று வைத்துவிட்டுப் போனது. அஞ்சு பேரும் என்னைக் கேட்காமல் ஒரு சோலியும் செய்ய மாட்டார்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குள் நடப்பது வேறு.

அமெரிக்காவில் இந்த மில்பிடாசில் எட்டு வருஷம் கார் சீட்டு தைத்தேன். போன மாசம்தான் நின்றேன். ஊசியில் நூல் கோக்க ரெண்டு கண்ணாடி தேவைப்பட ஆரம்பித்தது. அதோடு, இப்போதெல்லாம் சீட்டுக்கு வெட்டித் தைத்த துணியே பெட்டியில் வந்து இறங்குகிறது. நாம் மாட்டிவிட வேண்டியதுதான். தலையணைக்கு உறை மாட்ட எட்டு வருஷ அனுபவம் எதுக்கு?

நான் நின்றது தெரிந்து தமிழ்ச் சங்கத்துத் தம்பி ஒருவன் வந்தான். "ஆன்ட்டி, நம்ம ஆண்டு மலருக்கு உங்க வேலை அனுபவத்தைக் கட்டுரையா குடுங்க" என்றான். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எழுதினால் நானே மறுபடி படிக்க முடியாது. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி அனு கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விட்டதற்கு இப்போதுதான் பலன் தெரிகிறது. "ஸ்லோ டவுன் அம்மாயி" என்கிறாள். நான் என்றைக்கு வேகமாகப் பேசினேன்?

தைத்த சீட்டையெல்லாம் சொன்னால் படிக்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். ரெண்டே ரெண்டு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று ஐம்பத்தேழாம் வருஷத்துச் செவர்லே. இன்னொன்று அறுபத்தேழாம் வருஷத்து மஸ்டாங். ரெண்டும் சான் ரமோனில் இருக்கிற எங்கள் ஈரோட்டுப் பக்கத்து ஆட்களுடையது. செவர்லே ஒரு டாக்டருடையது. மஸ்டாங் அவர் மனைவியின் தம்பி தங்கவேலுடையது. பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஆனாலும் படித்த உடனே ரெண்டு பேருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மிஷினில் தைக்கிறவள். பீஸ் ரேட்டு வேலை. கை முன்னால் ஓடும், மனசு பின்னால் வரும். வீட்டுக்காரர் போன பிறகு அந்த மிஷின்தான் அஞ்சு பேரையும் கரையேற்றியது. மகள் மாலதி கிரீன் கார்டு எடுத்து என்னை இங்கே கூட்டிவந்தாள். "இனிமே காலை நீட்டி உக்காரும்மா" என்றாள். ஒரு மாசம் நீட்டி உட்கார்ந்தேன். கால் வலித்தது.

ஒரு நாள் முருங்கைக்காய் வாங்கப் போனேன். அந்த இந்தியக் கடை வரிசைக்குப் பின்பக்கத்திலிருந்து மிஷின் சத்தம் கேட்டது. கால் தானாக அக்கட்டப் போனது. ஷட்டர் தூக்கியிருந்தது. உள்ளே தொப்பி வைத்த பெரிய மனுஷர் ஒருவர், ஒரு சீட்டை மடியில் குழந்தை மாதிரிப் போட்டுக்கொண்டு கம்பி பிடுங்கிக்கொண்டிருந்தார். சேலையைப் பார்த்ததும் தமிழிலேயே கேட்டார்.

"என்ன வேணும்மா?"

"ஒண்ணும் வேண்டாங்க. மிஷின் சத்தம் கேட்டுது."

"கேட்டா?"

"வந்தனுங்க."

கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

"நான் கோயமுத்தூர் உக்கடம். உக்காரு. இதுல நேரா ஒரு தையல் ஓட்டு" என்று ஒரு ரெக்சின் துண்டை மிஷினில் வைத்தார்.

நான் பனியன் கம்பெனி வேகத்தில் ஓட்டினேன். தையல் நேராகத்தான் போனது. துண்டு முடிந்தும் மிஷின் நிற்கவில்லை. "ரயிலப் புடிக்கணுமா அம்மிணி?" என்று கேட்டார். அவர்தான் கபூர் பாய். மறுநாளிலிருந்து வேலைக்குப் போனேன்.

மாலதிக்குத்தான் சங்கடம். "ஆபீஸ்ல அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள். "ஆட்டோமொபைல் லைன்ல இருக்காங்கன்னு சொல்லு" என்றேன். அப்படியே சொல்லியிருக்கிறாள். அவள் ஆபீசில் கொஞ்ச நாள் என்னை இஞ்சினியர் என்றே நினைத்திருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

முதல் ரெண்டு வருஷம் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் போச்சு. ரெக்சினில் ஊசி ஒரு தரம் இறங்கினால் அந்த ஓட்டை அங்கேயேதான் இருக்கும். அதனால் மிஷினை மிதிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு மிதிப்பது எனக்கு அதுவரை பழக்கமில்லாத ஒன்று.

பாயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. பாராட்டியதும் இல்லை. தைத்து முடித்த சீட்டைத் தடவிப் பார்ப்பார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். உள்ளங்கை காய்ப்புக் காய்த்து மரத்துவிட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். கண்ணை மூடிக்கொண்டு, மடியிலிருந்து முதுகுப்பக்கம் வரைக்கும், தையல் மேலேயே புறங்கை போகும். ஒரு இடத்தில் கை நின்றால் போச்சு. கண்ணைத் திறந்து, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார். தட்டைப்பயறுக் குழம்பு என்பேன். "ம்" என்று போய்விடுவார். அப்படிக் கேட்டுவிட்டால் அந்த சீட்டைப் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரே வாரத்தில் மூணு தரம் குழம்பு விசாரித்திருக்கிறார். அந்த வாரம் வீட்டில் குழம்பு வைக்கவே எனக்கு மனசு வரவில்லை. ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொன்று. சீட்டுத் துணியைக் கம்பியோடு சேர்த்துப் பிடிக்க ஒரு சின்ன வளையம் உண்டு. இடுக்கியால் அமுக்கினால் மோதிரம் மாதிரி மூடிக்கொள்ளும். இந்த ஊரில் அதற்குப் பன்னி வளையம் என்று பேர். பாய் அந்தப் பேரை வாயால் சொல்ல மாட்டார். "அம்மிணி, அந்த வளையத்தை எடு" என்பார். நான் வேண்டுமென்றே, "எந்த வளையமுங்க பாய்?" என்று கேட்பேன். "உனக்குத் தெரியும்" என்பார். எட்டு வருஷமும் இது நடந்தது.

எனக்கு ஒரு பழக்கம். ரவிக்கை தைத்துப் பழகிய கை. தையலுக்கு உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பேன். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் அல்லவா. சீட்டுக்கும் அப்படியே விட்டேன். ரெக்சின் தடிமன், உள்ளே மடிந்து மேலே புடைத்துக்கொண்டு தெரிந்தது. பாய் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, இந்த சீட்டு வருஷாவருஷம் குண்டாகுமா?"

"உக்கார்றவங்க ஆவாங்களுங்க பாய்."

சிரிப்பார் என்று பார்த்தேன். "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றார்.

டாக்டரின் செவர்லே கடைக்கு வந்தது இதெல்லாம் ஓரளவு கைவந்த பிறகுதான். மயில் நிறமும் வெள்ளையும் கலந்த நாலு கதவு வண்டி. பின்னால் ரெண்டு பக்கமும் மீன் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கியர் கம்பி ஸ்டீயரிங்கிலேயே இருப்பதால் முன்பக்கம் காலுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே பெஞ்சு. முன்னால் மூணு பேர், பின்னால் நாலு பேர், மடியில் ரெண்டு பேர் என்றால் எங்கள் ஊரில் ஒரு காதுகுத்துக்கே போய்வந்துவிடலாம்.

அந்தப் பெஞ்சைப் பிரித்தால் அடியில் சுருள் சுருளாக ஸ்பிரிங். அதற்கு மேல் சாக்கு. சாக்குக்கு மேல் பஞ்சு. நம்ம ஊர் மெத்தைக் கடைக்காரர் வந்து பார்த்தால், "இது என் வேலைதான்" என்பார். மேல்துணி இற்றுப்போயிருந்தது. அதை உரித்துத் திருப்பினேன். உள்ளே, தையலுக்கு அக்கட்ட, தாராளமாக ரெண்டு விரல் துணி விட்டிருந்தது. வளைவுகளில் இன்னும் கொஞ்சம் கூட. எனக்கு முகமெல்லாம் பல்.

"பாய், இங்க வாங்க. இவளும் விட்டிருக்கா பாருங்க."

பாய் வந்தார், பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்து ரவிக்கைக் கடை வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைத் தைத்தது ஒரு பெண்பிள்ளைதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அனு இப்போது கேட்கிறாள். எனக்குத் தெரியும்.

மஸ்டாங் வேறு ஜாதி. தங்கவேலின் வண்டி வருவதற்கு முன்பே அதே வயசு மஸ்டாங்குகள் சிலதைப் பிரித்திருக்கிறேன். உள்ளே பஞ்சு கிடையாது, ரப்பர் மெத்தை. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் நெளிநெளியாகக் கம்பி. தையலுக்கு உள்ளே அரை அங்குலம் துணி, அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது. நடுவில் பத்து வருஷத்தில் இந்த ஊரில் ரெக்சின் விலை ஏறியதோ, தைக்கிறவளுக்கு அவசரம் வந்ததோ, தெரியாது. ஆனால் பொய் சொல்லக் கூடாது. அந்தத் தையல் கோடு கீறின மாதிரி இருக்கும். செவர்லேயில் தையல் கொஞ்சம் அப்படி இப்படி நடக்கும். மஸ்டாங்கில் நூல் பிடித்த மாதிரிப் போகும். பாய்க்கு மஸ்டாங் என்றால் ஒரு மரியாதை. புறங்கையால் தடவும்போதே தெரியும்.

டாக்டரும் தங்கவேலும் கடைக்குச் சேர்ந்து வந்தால் எனக்கு வேலை ஓடாது. வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன். மச்சான் மாப்பிள்ளை கிண்டல் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மரியாதை குறையாது, மானம்தான் போகும்.

"மாப்ளே, உங்க வண்டி வண்டியாங்க? ரெண்டு நாற்காலியப் போட்டு நடுவுல ஒரு கம்பிய நட்டு வெச்சிருக்காங்க. பொண்டாட்டி கையப் புடிக்கறதுன்னாக்கூட கியர் மேல கை வெச்சுட்டுத்தான் புடிக்கோணும்."

"உங்க வண்டி பஸ்ஸுங்க மச்சான். கண்டக்டர் மட்டுந்தான் இல்ல."

"பஸ்ஸுன்னா ஊரே ஏறலாமுங்க. உங்க வண்டியில பின்னாடி ஏறோணும்னா முன் சீட்ட மடக்கி, ஆளையும் மடக்கி உள்ள திணிக்கோணும்."

"நான் எதுக்குங்க ஊர ஏத்தறேன்? என் வண்டி, நான் ஓட்டறேன்."

தங்கவேலுக்குக் குழந்தை இல்லை. அந்த வண்டியை அவர் வைத்திருந்த விதத்தை அதோடு சேர்த்துப் பேச நான் வரவில்லை, நிறையப் பேர் பேசினார்கள். ரத்தச் சிவப்பு வண்டி, உள்ளே கறுப்பு ரெக்சின் சீட்டு. அறுபத்தேழில் தைத்தது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு ஒருத்தரும் கத்தி வைக்கவில்லை. பிறந்தபடியே இருக்கிற வண்டி என்று அவருக்குப் பெருமை. துடைக்க மட்டும் பாயிடம் கொண்டுவருவார்.

அப்படி இருக்கையில் டாக்டரின் மகள் மதுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் கல்யாணப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன் உரிமை. அதில் அப்பனுக்குக்கூடப் பேச்சில்லை. மதுவுக்கு மாமன் என்று இருப்பது தங்கவேல் ஒருத்தர்தான். பெண்ணை வீட்டிலிருந்து கோயிலுக்குத் தன் மஸ்டாங்கில், தானே டிரைவ் பண்ணிக் கூட்டிவருவது என்று அவர் தீர்மானம் பண்ணிவிட்டார். செவர்லே சும்மா நிற்கப் போகிறதே என்று டாக்டருக்கு உள்ளே புகைச்சல். வெளியில் கிண்டல்.

ஒரு நாள் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது டாக்டர், "மாப்ளே, கல்யாணப் பொண்ணக் கறுப்பு சீட்டுலயா உக்கார வெச்சுக் கூட்டீட்டு வருவீங்க?" என்று கேட்டிருக்கிறார். சும்மா வாய்க்கு வந்தது. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த டாக்டரின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கறுப்பா?" என்று கேட்டார்களாம். அதோடு முடிந்தது. கறுப்பில் பெண் உட்காரக் கூடாது, அந்த வண்டி வேண்டாம், நம்ம வண்டியிலேயே வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. தங்கவேலிடம் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தங்கவேல் கடைக்கு வந்தார். எப்போதும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே வருகிறவர், அன்றைக்கு நேராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாய், மச்சான் வீட்டுல கறுப்பு ஆகாதுங்கறாங்க. சீட்டு ரெண்டையும் அரக்குக் கலர்ல மாத்திக் குடுங்க."

பாய் இடுக்கியைக் கீழே வைத்தார். "மாத்த மாட்டேன்."

"என் வண்டிங்க பாய்."

"வண்டி உங்களுது. கத்தி என்னோடது. அத்தன வருஷம் ஒருத்தனும் தொடாதத நான் கிழிக்க மாட்டேன். கறுப்பு ஆகாதுன்னா, டயர் என்ன கலருங்க? கழட்டிட்டு வரச் சொல்லுங்க உங்க மச்சான."

"டயர்ல யாரும் உக்கார மாட்டாங்களேங்க பாய்."

"அப்ப ஒரு ஜமக்காளத்த விரிங்க."

"விரிச்சன்னா என் மச்சான் அவரு பேரனுக்குக் கல்யாணமாகுற வரைக்கும் அதையே சொல்லிச் சிரிப்பாருங்க."

இதைச் சொல்லும்போது தங்கவேலும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மது பெரியவளானபோது நடந்த சீருக்கு அவர் வர முடியவில்லையாம். அப்போது விசா தகராறில் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தாராம். மாமன் கொடுக்க வேண்டிய சேலையை யாரோ ஒரு சித்தப்பா எடுத்துக் கொடுத்தாராம். "அந்த போட்டோவுல நான் இல்லீங்க பாய். இதுலயும் வேற ஒருத்தர் கூட்டீட்டு வந்தா, அப்புறம் நான் எதுக்குங்க மாமன்?" என்றார்.

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் அல்ல. "சீட்டக் கிழிக்காம மேல ஒரு உறை தைக்கலாமுங்க" என்றேன்.

பாய்க்குப் பிடிக்காத வார்த்தை அது. சீட்டுக்குச் சட்டை போடுகிறவன் வேற கடைக்குப் போகட்டும் என்பார். என்னைப் பார்த்தார், தங்கவேலைப் பார்த்தார். "நான் தொழுகைக்குப் போறேன். நான் இல்லாதப்ப இந்தக் கடையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உறை என்றால் தொளதொளவென்று போடுவது அல்ல. பார்க்கிறவர்களுக்கு அதுதான் சீட்டு என்று தோன்ற வேண்டும். கழற்றினால் உள்ளே ஒரு கீறல் இருக்கக் கூடாது. பசை கூடாது, ஆணி கூடாது, அந்த வளையமும் கூடாது. முதலில் காடாத்துணியை சீட்டின் மேல் போட்டு, தையல் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். ஒவ்வொரு பாகத்துக்கும் நடு எது என்று ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டும் இந்த வெட்டும் சேர்ந்தால் துணி திருகாது. காடாவிலேயே ஒரு உறை தைத்துப் போட்டுப் பார்த்து, சுருங்குகிற இடத்தைக் கிள்ளி எடுத்து, அதை அளவாக வைத்து நல்ல துணியை வெட்டினேன். கீழே இழுத்துக் கட்டுவதற்கு என்ன வழி என்று யோசித்தேன். எங்களுக்குத் தெரிந்த வழிதான். ஓரம் மடித்துத் தைத்து, உள்ளே பாவாடை நாடா ஓட்டினேன். சீட்டுக்கு அடியில் கம்பியைச் சுற்றி நாடாவை இழுத்து முடி போட்டால் கும்மென்று நின்றது.

அரக்கு நிறத்தில் பளபளவென்று சாட்டின் துணி. மகாராணி உட்காருகிற மாதிரி இருந்தது. பாய் வந்து பார்த்தார். அடியில் குனிந்து நாடாவைப் பார்த்தார்.

"கபூர் கடையிலேர்ந்து பாவாட நாடா கட்டுன சீட்டு வெளிய போகுதா?"

"நீங்க தொழுகையில இருக்கீங்க பாய். உங்களுக்குத் தெரியாது."

அவர் நிமிர்ந்தார். "நாளைக்கு வரும்போது பட்டுச் சேலை கட்டிட்டு வா" என்றார். எதுக்கு என்று கேட்டேன். "கட்டிட்டு வா."

மறுநாள் வேலை நாளில் காஞ்சிப்பட்டோடு நடந்து போனேன். இந்தியக் கடைக்காரர், "என்ன விசேஷங்க ஆன்ட்டி?" என்று கேட்டார். "சீட்டுல உக்காரப் போறேன்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பாய் என்னை மஸ்டாங்கில் உட்கார வைத்து, கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டி, லேசாக ஒரு பிரேக் போட்டார். நான் அப்படியே வழுக்கிக் கீழே போய்க் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாட்டினும் பட்டும் சேர்ந்தால் எண்ணெய் மாதிரி. பெல்ட் இருந்தாலும் அந்தப் பெண் வழி நெடுக இறங்கிக்கொண்டேதான் வந்திருப்பாள்.

பாய் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றார்.

திரும்ப வெட்டினேன். இந்த முறை வெல்வெட். வெல்வெட்டுக்கு ரோமம் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும், பூனை முதுகு மாதிரி. வழக்கமாக ரோமம் முன்பக்கம் படுக்கிற மாதிரித்தான் வெட்டுவோம், தடவினால் மெத்தென்று இருக்கும். நான் திருப்பி வெட்டினேன். ரோமம் முதுகுப்பக்கம் பார்க்க வேண்டும். அப்போது உட்கார்ந்த ஆள் பின்னால் சாயலாம், முன்னால் வழுக்க முடியாது, பட்டைப் பிடித்துக்கொள்ளும். தைத்து மாட்டிவிட்டு, நானாகவே பட்டுச் சேலையோடு உட்கார்ந்தேன். பாய் இந்த முறை கொஞ்சம் பலமாகவே பிரேக் போட்டார். நான் அசையவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, புறங்கையால் மடியிலிருந்து முதுகு வரைக்கும் தடவினார். கை எங்கேயும் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தார். எந்தக் குழம்பையும் பற்றிக் கேட்காமல் ஷட்டரை இறக்கப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலையில் நானும் பாயும் கோயில் வாசலில் நின்றோம். எங்களுக்கு டாக்டரிடமிருந்தும் தங்கவேலிடமிருந்தும் தனித்தனியாக அழைப்பு. டாக்டர் பட்டு வேட்டியில் நின்றார். டாக்டரின் அம்மா ஆரத்தித் தட்டோடு பின்னால் நின்றார்கள். பெண் மாமன் வண்டியில் வருவதற்கு அவர்கள் சம்மதித்ததே, சீட்டை மாற்றியாச்சு என்று சொன்னதால்தான். யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

மஸ்டாங் வந்து நின்றது. தங்கவேல் சுற்றி வந்து கதவைத் திறந்தார். மது இறங்கினாள். நல்ல கனமான சேலை, நகை, மாலை. இறங்குகிற வேகத்தில் சேலை மடிப்பு எதிலோ சிக்கி, சீட்டின் முன் ஓரத்தில் உறையை ஒரு சாண் மேலே தூக்கிவிட்டது. நாடா அவிழ்ந்து வெளியே தொங்கியது. அதற்கு மேல் கறுப்பு ரெக்சின், அன்றைக்குத்தான் துடைத்த மாதிரிப் பளபளத்தது. என் தையலில் தப்பில்லை. காலையில் சீட்டைத் துடைத்துவிட்டு மறுபடி நாடா கட்டியது தங்கவேல், ஒற்றை முடி போட்டிருக்கிறார். அதையெல்லாம் பேசுகிற நேரமா அது?

தங்கவேல் பார்த்துவிட்டார். கதவைப் பிடித்தபடியே நின்றார். ஆரத்தித் தட்டு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. டாக்டரும் பார்த்தார். சீட்டைப் பார்த்தார், தங்கவேலின் முகத்தைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், அவர் அம்மாவைத் தவிர.

டாக்டர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் குந்த வைத்து உட்கார்ந்தார். அவர் முதுகு வண்டி வாசலையே மறைத்தது. உறையை இழுத்துவிட்டு, நாடாவைக் கம்பியில் சுற்றி ரெண்டு முடி போட்டு இழுத்தார். ஆபரேஷன் பண்ணுகிற கை, நான் போட்டதைவிட நன்றாகத்தான் போட்டார்.

"என்ன தம்பி அங்க?" என்று அவர் அம்மா கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. பொண்ணோட கொலுசு விழுந்துருச்சோன்னு பாத்தேன்."

எழுந்திருக்கும்போது தங்கவேலின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காதுக்குப் பக்கத்தில், ஆனால் எனக்கும் பாய்க்கும் கேட்கிற மாதிரி, "மாப்ளே, உங்க வண்டிக்குப் பாவாட அவுந்துருச்சுங்க" என்றார்.

தங்கவேலுக்குச் சிரிப்பு வந்ததா வேறு என்னவோ வந்ததா, துண்டால் முகத்தைத் துடைத்தார். "கட்டி விட்டீங்களா மச்சான்?"

"கட்டியாச்சுங்க. போங்க, புள்ளையக் கூட்டீட்டு உள்ள போங்க. உங்க சோலி அது."

தங்கவேல் மதுவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பாய் என்னிடம், "அம்மிணி, சாப்பாட்டுல என்ன கொழம்பா இருக்கும்?" என்று கேட்டார். நான் திரும்பி மஸ்டாங் சீட்டைப் பார்த்தேன். நிஜமாகவே பசியில் கேட்டிருக்கிறார்.

தாலி கட்டி முடிந்ததும் மதுவும் மாப்பிள்ளைப் பையனும் செவர்லேயின் முன் பெஞ்சில் நடுவிலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ஓட்ட வந்த டாக்டருக்குத்தான் இடம் போதவில்லை. ஜன்னலோரம் பாதி வெளியே தொங்கிக்கொண்டு ஓட்டினார். அது வேறு கதை.

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் கடைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். டாக்டர் தனியாக வந்தால், "அம்மா, மனசத் தொட்டுச் சொல்லுங்க, எந்த வண்டி நல்ல வண்டி?" என்பார். தங்கவேல் தனியாக வந்தாலும் அதேதான். டாக்டரிடம், உங்க வண்டியில் தைத்தவளுக்கு மனசு பெரிசு என்றேன். தங்கவேலிடம், உங்க வண்டியில் தைத்தவளுக்குக் கை சுத்தம் என்றேன். ரெண்டு பேரும் தங்களுக்குத்தான் நான் சாதகம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்தக் குடும்பத்தில் மச்சான் மாப்பிள்ளை சண்டை வராமல் இருக்கிறது என்றால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எனக்கு மனசுக்குள் ஒரு வண்டி உண்டு. அதைப் பாயிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது இது மலரில் வரப் போகிறது. ரெண்டு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார்கள். பேச்சு வாக்கில் நான் எங்கேயாவது உளறியிருந்தால் போச்சு.

அனு, தட்டினது போதும் கண்ணு. முதல்லேர்ந்து ஒரு தரம் நிறுத்தி நிதானமாப் படிச்சுக் காட்டு. எந்த வண்டின்னு எங்கயாச்சும் தெரிஞ்சுதுன்னா, அந்த வரிய மட்டும் எடுத்துரு.